இரண்டாவது ஸ்லாட்

மஞ்சக்குப்பம், கடலூர்
24.10.2007

பவானிக்கு,

கடிதத்தை என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் சௌபாக்கியவதி என்று போடுவேன். இப்போது அதைப் போட முடியாது. மருமகளுக்கு வேறு எப்படி எழுதுவது என்று எனக்குப் பழக்கமில்லை. அதனால் வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 14ஆம் தேதி அருண்பாண்டியனின் வருஷ திவசத்துக்கு வந்த நீ, அவன் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மெமரித் துண்டைச் சேர்த்துவிட்டுப் போனாய். "இனிமே சும்மா பறக்கும் மாமா" என்றாய். அரைமணி நேரம் பறந்ததை நானும் பார்த்தேன். அந்த வாரம் நான் மனு எழுதவில்லை, அதனால் அப்புறம் அதை யாரும் தொடவில்லை. பூஜைக்கு மூடி வைத்தது, நேற்று முன்தினம்தான் திறந்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள் என்பது உனக்குத் தெரியும். காலை ஆறரைக்கே வாசலில் ஐந்து பேர். இருசம்மாளின் உதவித்தொகை மனுவைப் பாதி அடித்திருப்பேன், திரை முழுக்க நீல நிறமாகி வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்து வந்தது. பிறகு தானாகவே செத்துத் தானாகவே பிழைத்தது. மறுபடி அடித்தேன், மறுபடி செத்தது. நான்கு முறை. கடைசியில் ஐந்து மனுவையும் கையால் எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷமாக மனு எழுதுகிறவன் விரல் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

செத்துப் பிழைக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் முதலில் 'அருண்' என்று அவன் பெயர் வருகிறது, அதன் பிறகுதான் உள்ளே விடுகிறது. முன்பு நாளைக்கு ஒரு தடவை பார்ப்பேன். திங்கட்கிழமை நான்கு தடவை பார்த்தேன்.

புலியூர் கம்ப்யூட்டர் கடையில் கொண்டுபோய்க் காட்டலாம். அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் போட்டவளே பார்க்கட்டும் என்று போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். எனவே இந்தக் கடிதம். கவரில் விலாசத்தைக் கையால் எழுதியிருக்கிறேன். கையால் எழுதிய விலாசத்துக்கு எந்த ஆபீசிலும் மதிப்பில்லை, எனக்கே பிடிக்காது. வேறு வழியில்லை.

அன்று நீ சாப்பிடாமல் போனாய். உன் இலை சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. ஆவன செய்யவும்.

கோவிந்தசாமி

அண்ணாமலை நகர்
29.10.2007

மாமாவுக்கு,

போனை வைத்தது நான்தான். லைன் கட்டாகவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் அன்றைக்குக் கேட்டதுதான் மறுபடி காதில் விழுகிறது. உறவுக்காரர்கள் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, நான் சாம்பார் வாளியோடு நிற்க, "யாரக் கேட்டு பொட்டு வச்சிகினு வந்த?" என்று கேட்டீர்கள். யாரையும் கேட்கவில்லை மாமா. காலையில் காலேஜ் லேபுக்குப் போகும்போது வைப்பதுதான், அன்றைக்கும் கை தானாக வைத்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தேன். பஸ் ஏறிவிட்டேன். இனி எழுதுங்கள், பதில் போடுகிறேன். போன் வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். புதுத் துண்டு போட்ட பிறகு சாகிறது என்றால் முதலில் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். பக்கத்துத் தகடு திருகாமல்தான் சாய்ந்திருக்கும், ஏனென்றால் அதன் இரண்டு ஸ்க்ரூவும் என் கைப்பையில் வந்துவிட்டன. உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் இருக்கும் கரண்ட் அதில் இறங்கிவிடும். மெமரித் துண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முதல் ஸ்லாட்டில் இருப்பது பழையது, பச்சை ஸ்டிக்கர். இரண்டாவதில் நான் போட்டது. இரண்டு முனையிலும் வெள்ளைக் கொக்கி இருக்கும், அதை வெளிப்பக்கம் அழுத்தினால் துண்டு தானாக மேலே வரும். பலவந்தமாக இழுக்காதீர்கள்.

பழையதை மட்டும் வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நீலத் திரை வந்தால் அதில் பெரிய எழுத்தில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பவானி

மஞ்சக்குப்பம்
5.11.2007

பவானிக்கு,

நீ சொன்னதைச் செய்ய மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் இரும்பைத் தொட்டேன், அதோடு தகட்டைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டாம் நாள் மழை, கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் கழற்றினேன். நீ சொன்னபடியே தானாக மேலே வந்தது.

பழையதை மட்டும் வைத்தால் சாகவில்லை. ஆனால் பழைய வேகம். நான் 'ம' அடித்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் 'ம' வந்திருக்கிறது. பொறுக்க முடியாமல் புதியதையும் சொருகினேன், பத்து நிமிஷத்தில் நீலம். பெரிய எழுத்தில் இருந்தது: பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. ஏதோ ஒரு பக்கத்தில் குற்றம் என்கிறது. எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, யார் பேரில் குற்றம் என்று ஒரு விவரமும் இல்லை. இப்படி ஒரு மனுவை நான் எழுதிக் கொடுத்திருந்தால் தாசில்தார் முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

ஆக, கோளாறு நீ கொண்டுவந்த துண்டில். இது நிரூபணமாகிவிட்டது. இத்துடன் பதிவுத் தபாலில் அதைத் திருப்பி அனுப்பியுள்ளேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுது. எனக்குப் பழைய வேகமே போதும். வயசாகிவிட்டது, அவசரம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை தீபாவளி. வருஷம் முடிந்துவிட்டதால் இந்த வருஷம் கொண்டாடலாம் என்கிறார்கள். யாரை வைத்துக்கொண்டு என்று கேட்டேன்.

கோவிந்தசாமி

அண்ணாமலை நகர்
14.11.2007

மாமாவுக்கு,

துண்டு கிடைத்தது. தீபாவளிக்கு மறுநாள் வந்தது. தபால்காரர் பார்சல் என்றதும் வீட்டுக்கார ஆரோக்கியம்மாள் மாடிக்கே ஓடிவந்து, "மாமனார் பொடவ அனுப்பிருக்காரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிரித்தால் நான் ஆசையாக வாங்கித் தந்தது எனக்கே திரும்பி வந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் எழுதியாயிற்று, கோடு போட்டு அடிக்கவில்லை.

மறுநாள் லேபுக்கு எடுத்துப் போனேன். துண்டில் கறுப்புக் கறுப்பாகச் சதுரங்கள் இருக்கும் இல்லையா, அவற்றுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். மணந்தது. சந்தனம். சிவப்பு, குங்குமம். துணியால் துடைத்திருக்கிறீர்கள், இடுக்கில் போகவில்லை. கீழே ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களில் பத்துப் பன்னிரண்டில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது.

பென்சில் ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்தேன். இடுக்கைப் பிரஷ்ஷால் தட்டினேன். லேப் மெஷினில் போட்டு, மெமரியைச் சோதிக்கும் புரோகிராமைக் காலை பத்து மணியிலிருந்து நாலரை வரை ஓடவிட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை. துண்டில் கோளாறு இல்லை மாமா. இது நிரூபணமாகிவிட்டது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். என் நெற்றியில் இருந்ததற்கு எல்லார் முன்னாலும் கணக்குக் கேட்டீர்கள். இதற்கு மட்டும் யாரைக் கேட்டு வைத்தீர்கள்?

துண்டைத் திருப்பி அனுப்புகிறேன், இரண்டு ஸ்க்ரூவும் கூட இருக்கின்றன. இதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அப்புறம் பழையதை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஒரு நாள். என்ன ஆகிறது என்று எழுதுங்கள். கேட்டதற்கும் பதில் எழுதுங்கள்.

பவானி

மஞ்சக்குப்பம்
22.11.2007

பவானிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மனு எழுதுகிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. எதிர்த்தரப்பு கையில் ஆதாரம் இருந்தால் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆயுத பூஜை அன்று வைத்தேன். போன வருஷம் தீட்டு, பூஜை இல்லை. இந்த வருஷம் போட்டேன். ஸ்டேப்ளருக்கு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு வைத்தேன், மைப்பெட்டிக்கு, பழைய டைப்ரைட்டருக்கு, என் சைக்கிளுக்கு. கம்ப்யூட்டர் தலையில் வைத்துவிட்டு நகரலாம் என்று பார்த்தால் பக்கத்துத் தகடு திறந்து கிடக்கிறது, உள்ளே உன் துண்டு நிற்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்த பொருள். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி விடுவது? உன் அத்தை தில்லையம்மாள் இருந்தால் புது விளக்குமாற்றுக்குக்கூட வைப்பாள். சந்தனம் நீர்த்துவிட்டது, வழிந்தது. பொரித் தட்டையும் உள்ளேயே வைத்துவிட்டு எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு ஆகாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இல்லை.

நீல நிறம் வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் உன்மேல் கோபமாக இருந்தேன். சாப்பிடாமல் போனவள்மேல். அதனால் துடைத்துவிட்டு உன் பேரில் எழுதிவிட்டேன்.

யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். யாரையும் கேட்கவில்லை. கை தானாக வைத்துவிட்டது.

பரிசோதனை முடிவு: புதியதை முதல் ஸ்லாட்டில் போட்டேன், நாள் முழுக்கச் சாகவில்லை. பழையதை இரண்டாவதில் போட்டேன், அதுவும் மூன்று முறை செத்தது. எதைப் போட்டாலும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் சாகிறது. மேற்கொண்டு உத்தரவு.

கோவிந்தசாமி

அண்ணாமலை நகர்
28.11.2007

மாமாவுக்கு,

பொரி வைத்ததைப் படித்துவிட்டு லேபில் தனியாகச் சிரித்தேன். சேரன் சார் வந்து என்ன என்று கேட்டார், லைப்ரரியில் வேலை பார்க்கிறவர். கடிதத்தைக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். அவரும் சிரித்தார்.

நீங்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டாவது ஸ்லாட்டின் பள்ளத்துக்குள் சந்தனம் இறங்கியிருக்கிறது. துண்டை மட்டும் துடைத்துப் பிரயோஜனம் இல்லை. கடையில் பெயிண்டிங் பிரஷ் வாங்குங்கள், சின்னது, புதியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரம் இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் பள்ளத்தில் ஒரே திசையில் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் தூரத்திலிருந்து அடிக்கலாம். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் செய்தால் போதும். பிறகு இரண்டு துண்டையும் போடுங்கள், ஓடும்.

நீங்கள் எழுதியது போதும் மாமா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பவானி

மஞ்சக்குப்பம்
7.12.2007

பவானிக்கு,

பிரஷ் வாங்கினேன், பம்ப் அடித்தேன், ஒரு மணி நேரம் அல்ல இரண்டு மணி நேரம் செய்தேன். பள்ளத்திலிருந்து மஞ்சளாகத் தூள் வந்தது, ஒரு அரை பொரியும் வந்தது. இரண்டு துண்டையும் போட்டேன். பிரயோஜனம் இல்லை. இன்னும் சாகிறது.

அதனால் உன்னுடைய ஆலோசனை இன்னும் தேவைப்படுகிறது. அவசரம் இல்லை, நிதானமாக விவரமாக எழுது. போன கடிதத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டாய்.

இங்கே மழை விட்டுவிட்டது. தெருமுனையில் நின்ற தண்ணீர் இறங்கிவிட்டது. இருசம்மாள் நேற்று மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். உதவித்தொகை வந்துவிட்டதாம். நீ ஏன் வருவதில்லை என்று கேட்டாள். பொட்டு விஷயத்தைச் சொன்னேன். என்னமோ சொல்லிவிட்டேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் சாமி, ஒம்மவன் போனதுக்கு அந்தப் பொண்ணு நெத்தி என்னா பண்ணும்? நானு அறுத்து முப்பது வருசம். என்னாண்ட வச்சிக்கோன்னு ஒருத்தரும் சொல்லல. ஒருத்தரு சொல்லிருந்தா வச்சிருப்பன்" என்றாள். இருபத்தெட்டு வருஷம் விதவை உதவித்தொகைக்கு மனு எழுதியிருக்கிறேன், எத்தனை பேருக்கு என்று ஞாபகம் இல்லை. ஒருத்தியிடமும் இதை நான் கேட்டதில்லை. மனுவில் அதற்கு இடம் இல்லை.

வீட்டில் சத்தம் இல்லை. முன்பு அருண் கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவான், நான் திட்டுவேன். இப்போது தபால்காரர் சைக்கிள் மணியைத்தான் எதிர்பார்க்கிறேன். பதினொன்றே காலுக்கு வருகிறார். கடிதம் இல்லாத நாளில் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். நல்ல மனுஷன்.

பதில் எழுது.

கோவிந்தசாமி

அண்ணாமலை நகர்
14.12.2007

மாமாவுக்கு,

சுத்தம் செய்தும் சாகிறது என்றால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தள்ளும்போது துண்டு முழுதாக உட்கார்ந்ததா? இரண்டு கொக்கியும் தாமாக எழுந்து டக்கென்று பிடிக்க வேண்டும். அதையும் பாருங்கள். அப்படியும் ஆகாவிட்டால் இரண்டாவது ஸ்லாட்டையே விட்டுவிட்டு, புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். பழையதைவிட அது பெரியது, தனியாகவே போதும். இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இனி எழுதப்போவதை இருசம்மாள் கதை இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருப்பேன்.

சேரன் சாரைப் பற்றிச் சொன்னேன். சேத்தியாத்தோப்புக்காரர். அம்மா இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே என்னைக் கேட்டார், நான் வேண்டாம் என்றேன். மறுபடி ஒருமுறை கேட்டார், யோசிக்கிறேன் என்றேன். போன வாரம் சரி என்றேன். அண்ணாகிராமத்தில் அண்ணன் கொல்லையில் முந்திரிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே கேட்டான். உன் இஷ்டம் என்றான். அவ்வளவுதான்.

சடங்கு எதுவும் இல்லை. இங்கே ரிஜிஸ்தரார் ஆபீசில் பதிவு. நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மூன்று சாட்சி வேண்டும். அவர் பக்கம் ஒருவர், என் அண்ணன் ஒருவர். மூன்றாவது கையெழுத்து நீங்கள் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அனுமதி கேட்கவில்லை மாமா. அது வேறு, இது வேறு. அருண் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நீங்கள் மட்டும் எங்கேயோ போய் டீ வாங்கிவந்து, "குடிச்சிக்கோ, நேத்திலேருந்து ஒண்ணும் குடிக்கல நீ" என்றீர்கள். எனக்கு அப்பா இருந்து பார்த்ததில்லை. நீங்கள் வராவிட்டாலும் பதிவு நடக்கும். ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் மூன்றாவது வரியில் வேறு யாரோ இருப்பார்கள்.

வருகிறேன், வரவில்லை, ஏதாவது ஒன்று எழுதுங்கள்.

பவானி

மஞ்சக்குப்பம்
28.12.2007

பவானிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜலதோஷம், அதனால் தாமதம்.

கம்ப்யூட்டர் நிலைமை மோசமாகிவிட்டது. புதியது போட்டாலும் சரி, பழையது போட்டாலும் சரி, எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சரி, ஒன்றும் ஆவதில்லை. ஒரே இருட்டு. இருபது நாளாக ஒரு வரிகூட அதில் நான் அடிக்கவில்லை. இதற்கு முதலில் ஒரு வழி சொல். ஒவ்வொரு படியாக எழுது. ஒரு கடிதத்தில் முடியாவிட்டால் இரண்டு மூன்று கடிதமாக எழுது, நான் பொறுமையாகச் செய்கிறேன்.

மற்ற விஷயம் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மை கொஞ்சம் பரவியிருக்கிறது, சரியாகப் படிக்க முடியவில்லை. மெஷின் சரியான பிறகு அதைப் பார்க்கலாம்.

கோவிந்தசாமி

அண்ணாமலை நகர்
3.1.2008

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கவர் என் முன்னால் இருக்கிறது. என் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, எல்லாம் அச்சு. நம் வீட்டுப் பிரிண்டரில் ஒவ்வொரு வரியின் அடியிலும் ஒரு வெள்ளைக் கோடு விழும். அருண் எத்தனை தடவை துடைத்தும் போகாத கோடு. அதுவும் இருக்கிறது. முந்தைய கவரையும் எடுத்துப் பார்த்தேன், டிசம்பர் ஏழாம் தேதி போட்டது. அதுவும் அச்சுதான். அப்போது நான் கவனிக்கவில்லை.

ஒரே இருட்டாகக் கிடக்கும் கம்ப்யூட்டர் விலாசம் அடித்துக் கொடுக்கிறதா? உள்ளே பொய் எழுதிவிட்டு, மதிப்பில்லை என்று விலாசத்தை மட்டும் அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்களே மாமா. நீங்கள் எழுதும் மனுவெல்லாம் எப்படித்தான் ஜெயிக்கிறதோ!

முதலில் கோபம்தான் வந்தது. கிளாஸ் எடுக்கும்போது நடுவில் புரிந்தது. மெஷின் சரியாகிவிட்டால் நான் எழுத மாட்டேன் என்று நினைத்துவிட்டீர்கள். என்மேலும் தப்பு இருக்கிறது. 'இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்று எழுதினேன். படிக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

மை பரவவில்லை. நான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறேன்.

ஜனவரி 30, புதன்கிழமை, காலை பதினோரு மணி. பிப்ரவரியில் அவருக்கு ஓசூரில் வேலை. நானும் போகிறேன். இங்கிருந்து கடலூர் ஒன்றரை மணி நேரம், அப்படி இருந்தே அக்டோபருக்குப் பிறகு நான் வரவில்லை. அங்கிருந்து எப்போது வர முடியும் என்று தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

மூன்றாவது வரியைக் காலியாக வைத்திருக்கிறேன்.

பவானி

அனுப்புநர்:
ரா. கோவிந்தசாமி,
மனு எழுதுபவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
சௌபாக்கியவதி பவானி அவர்கள்,
அண்ணாமலை நகர், சிதம்பரம்.

நாள்: 11.1.2008

பொருள்: உண்மையை ஒப்புக்கொள்ளுதல், சாட்சிக் கையெழுத்து, மற்றும் ஒரு கோரிக்கை தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதங்கள் அனைத்தும்.

அம்மா,

மேற்படி கம்ப்யூட்டரில் இந்த மனுவை அச்சடித்துள்ளேன். சந்தனத் தூள் வெளியே வந்த டிசம்பர் 5ஆம் தேதி முதல் இன்றுவரை அது ஒருமுறைகூடச் சாகவில்லை. இரண்டு துண்டும் இரண்டு ஸ்லாட்டிலும் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கொக்கி எழுந்து டக்கென்று பிடித்தது. அன்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடுகிறது என்று உனக்கு ஒரு கார்டு போட எடுத்தேன். அதைப் போட்டால் அதற்குப் பதிலாக நல்லது மாமா என்று ஒரு கார்டு வரும், அதோடு சரி. இந்த யோசனையோடு இரண்டு நாள் இருந்துவிட்டு, இன்னும் சாகிறது என்று எழுதினேன். இது எனக்கே எதிரான வாக்குமூலம்.

மனுதாரர் 14.10.2007 அன்று பலர் முன்னிலையில் தங்களைக் கேட்ட கேள்வியை இதன் மூலம் நிபந்தனையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அன்று இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வீட்டுக்கும் பொங்கலுக்குள் நேரில் போய் இதைச் சொல்வதாக இருக்கிறேன். நான்கு வீடு முடிந்தது. சைக்கிளில் போகிறேன். இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள், ஒரு வீட்டில் சிரித்தார்கள்.

30ஆம் தேதி காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். மூன்றாவது வரியில் கையெழுத்துப் போடுகிறேன். சாட்சிக்கும் மணமகளுக்கும் என்ன உறவு என்று அந்தக் காகிதத்தில் கேட்பார்களா, தெரியவில்லை. கேட்டால் நீ சொல்வதை எழுதுகிறேன். நானாக ஒன்றும் எழுத மாட்டேன்.

பிறர் சார்பில் ஆயிரக்கணக்கில் மனு எழுதியிருக்கிறேன், எனக்காக எழுதுவது இதுதான் முதல். அதனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, நேராகவே கேட்டுவிடுகிறேன். ஓசூருக்குப் போன பிறகும் எழுது. நானும் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கெட்டால்தான் எழுத வேண்டும் என்று இல்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று எழுதினாலும் போதும். உன் கடிதம் இல்லாத நாளில் நான் காலையில் பேசுவது அந்தத் திரையில் வரும் பெயரோடு மட்டும்தான். அது பதில் சொல்வதில்லை, உள்ளே மட்டும் விடுகிறது.

இக்கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. கோவிந்தசாமி

இணைப்பு: குங்குமம், ஒரு பொட்டலம்.